மணிகளின் நாட்டில் இறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "‘ஹோசெகி நோ குனி’ (மணிகளின் நாடு) என்ற ஜப்பானிய அனிமேயின் பன்னிரண்டு பகுதிகளையும் பார்த்துவிட்டேன். இது இறப்புக்குப் பிந்தைய உலகைப் பற்றிய கதை என்றும், மனத்தைக் கூறுபோட்டுக் காட்டும் மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) என்றும் எழுதுகிறார்கள். நான் பார்த்த வரையில் சாகாத மணிகள் வானத்திலிருந்து வருபவர்களோடு சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான். இதில் இறந்தவர்கள் எங்கே?"

நிலாவில் இருக்கிறார்கள். நீங்கள் பார்த்த பன்னிரண்டு பகுதிகளிலும் அவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அவர்கள்தான் இறந்தவர்கள் என்று மட்டும் அனிமே சொல்லவில்லை. ஆரஞ்சு நிறுவனம் தயாரித்து தகாஹிகோ கியோகோகு இயக்கிய அந்த அனிமே 2017 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒளிபரப்பானது. அப்போது மூலக்கதை முடிந்திருக்கவில்லை. ஹருகோ இச்சிகாவா, கோடன்ஷா பதிப்பகத்தின் ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழில் 2012 இல் தொடங்கிய இந்த மாங்கா, இடையில் நீண்ட இடைவெளிகள் விட்டு, 2024 ஏப்ரலில் 108 ஆவது அத்தியாயத்தோடு முடிந்தது. புத்தகமாக 13 தொகுதிகள். உங்கள் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் கடைசித் தொகுதி வரை நான் பேசியாக வேண்டும். முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் கதையின் தளத்தை நினைவுபடுத்திவிடுகிறேன். ஆறு முறை விண்கற்கள் விழுந்ததில் நிலமெல்லாம் அழிந்து ஒரே ஒரு கரை மட்டும் எஞ்சியிருக்கிறது. கடலில் மூழ்கிய உயிர்கள் காலப்போக்கில் கனிமங்களாகி, மனித உருவில் கரையேறியிருக்கின்றன. அப்படிப் பிறந்த மணிகள் இருபத்தெட்டுப் பேர் ஒரு பள்ளியில் வாழ்கிறார்கள். துறவிக் கோலத்தில் இருக்கும் கொங்கோ அவர்களுக்கு ஆசிரியர். ஒளிதான் உணவு. உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிக்கொள்ளலாம். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. தமிழில் நமக்கு ‘அவர்’ என்ற சொல் இருப்பதால் இந்த விஷயத்தில் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர் படும் பாடு நமக்கு இல்லை. ஃபாஸ்ஃபோஃபில்லைட் என்ற நாயகர், அதாவது ஃபாஸ், இவர்களில் இளையவர், வயது முந்நூறு. கடினத்தன்மை மூன்றரை. உண்மை உலகிலும் அந்தக் கனிமம் அப்படித்தான்: துத்தநாக பாஸ்பேட்டால் ஆனது, பொலிவியாவின் பொத்தோசியில் கிடைத்த நீலப்பச்சைப் படிகங்களால் பேர்பெற்றது, பட்டை தீட்டப் போனால் பிளந்துவிடும் என்பதால் நகையாக அதிகம் பயன்படாதது.

அனிமேயில் நிலாவாசிகள் வரும் காட்சியை இனி நினைத்துப் பாருங்கள். வெறும் வானத்தில் மை சிந்தியதுபோல் ஒரு கரும்புள்ளி தோன்றுகிறது. அது விரிந்து மேகமாகிறது. மேகத்தின் மேல் பேருருவம் ஒன்று நிற்க, அதைச் சூழ்ந்து ஆபரணங்கள் அணிந்த, முகபாவமே இல்லாத பணியாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பௌத்தக் கலை தெரிந்த ஜப்பானிய வாசகருக்கு இது பார்த்த மாத்திரத்தில் பிடிபடும். ‘ரைகோ’ என்ற ஓவிய மரபு அது: சாகும் தறுவாயில் இருப்பவரைத் தூய நிலம் என்ற பௌத்தச் சொர்க்கத்துக்கு அழைத்துப்போக, அதன் புத்தரான அமிதாபர் தம் போதிசத்துவர்களோடு மேகத்தின்மீது இறங்கிவரும் காட்சி. கியோத்தோவின் சியோன்-இன் கோயிலில் உள்ள கமகுரா காலத்து ஓவியத்தில் அந்தக் கூட்டம் இடமேலிருந்து வலக்கீழாக, மலைச்சரிவில் வழிந்து ஓடிவருவதுபோல் விரைகிறது. உஜியில் 1053 இல் கட்டப்பட்ட பியோதோ-இன் மண்டபத்தின் உட்சுவர்களில் மேகத்தின்மீது இசைத்தும் ஆடியும் வரும் போதிசத்துவர்கள் ஐம்பத்திரண்டு பேர் மரத்தில் செதுக்கி மாட்டப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கருவிகளையும் மெல்லிய ஆடை மடிப்புகளையும் பார்த்த கண்ணுக்கு இச்சிகாவாவின் நிலாவாசிகள் எங்கிருந்து வந்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

மீட்க வருகிறவர்களின் அதே கோலத்தில் வருகிறவர்கள் இங்கே அம்பெய்து, உடைத்து, பொறுக்கியெடுத்துக்கொண்டு போகிறார்கள். நகைக்காக மணிகளைத் திருடுகிறார்கள் என்றுதான் பள்ளியில் எல்லோரும் நம்புகிறார்கள். இது ஒரு குரூரமான கேலி என்றே முதல் சில தொகுதிகள் வரை நானும் நினைத்திருந்தேன். பின்னால் நிலாவுக்கே போகும் ஃபாஸுக்கு, நிலாவாசிகளின் தலைவர் எக்மியா உள்ளதைச் சொல்கிறார். அழைத்துப்போக வருபவர்களாக வேடம் போட்டிருப்பவர்கள், உண்மையில் அழைத்துப்போக யாருமே வராதவர்கள். அவர்கள் மனிதர்களின் ஆவிகள்.

இந்த இடம் புரிய ஜப்பானியரின் ஈமச்சடங்கு வழக்கம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே இறந்தவரைப் பேச்சுவழக்கில் ‘ஹோதோகே’ என்பார்கள், புத்தர் என்று பொருள். ஆனால் செத்த கையோடு யாரும் புத்தராகிவிடுவதில்லை. ஏழேழு நாற்பத்தொன்பது நாள் சடங்கு, பிறகு குறிப்பிட்ட ஆண்டுகளில் நினைவுச் சடங்குகள் என்று இருப்பவர்கள் செய்துகொண்டே வரவேண்டும். வழக்கமாக முப்பத்து மூன்றாம் ஆண்டில் சடங்குகளை முடிப்பார்கள். அதற்குப் பிறகு அவர் இன்னார் என்ற தனி ஆள் இல்லை, குலமூதாதையர் என்ற பொதுத்திரளில் கரைந்துவிடுகிறார். இப்படிச் செய்ய ஆளில்லாமல் போனவர்களுக்கு ‘முயென்போதோகே’ என்று பெயர், தொடர்பற்ற இறந்தவர் என்று சொல்லலாம். திதி கொடுக்க ஆளற்றவர் என்றால் நமக்கும் சட்டென்று விளங்கும். மனித இனமே அற்றுப்போன பிறகு கடைசித் தலைமுறை முழுவதுமே முயென்போதோகே ஆகிவிட்டால் என்ன ஆகும்? இந்த மாங்காவின் மறுவுலகம் இந்தக் கேள்வியிலிருந்து கட்டப்பட்டது.

கதைக்குள் அதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. தமக்குப் பின் தமக்காகப் பிரார்த்திக்க ஓர் இயந்திரத்தை மனிதர்கள் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இயந்திரம்தான் கொங்கோ. பிரார்த்தனை நடந்தால் ஆவிகள் சிதைந்து ஒன்றுமில்லாத நிலைக்குப் போய்விடும். ஆனால் இயந்திரம் பழுதாகிவிட்டது. பிரார்த்திக்க மாட்டேன் என்கிறது, அல்லது அதனால் முடியவில்லை. கொங்கோ பெரிதும் நேசிக்கும் மணிகளைக் களவாடி அவருக்கு வலியை உண்டாக்கினாலாவது அவர் வாய் திறப்பாரா என்று நிலாவாசிகள் மீண்டும் மீண்டும் முயன்றுபார்க்கிறார்கள். கொண்டுபோன மணிகளை அரைத்துப் பொடியாக்கி நிலாத் தரையில் தூவுகிறார்கள். இரவில் அந்தச் சிறு கரையிலிருந்து பார்க்கும்போது நிலா ஒளிர்கிறதே, அது இவர்களுடைய தோழர்களின் பொடி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு முதல் தொகுதியை மறுபடி எடுத்தால், நிலா வரைந்த எந்தக் கட்டத்தையும் முன்பு பார்த்ததுபோல் பார்க்க முடியாது.

அனிமேயிலேயே இதற்கு ஒரு முன்னறிகுறி இருக்கிறது. ஷிரோ என்று மணிகள் பெயர் வைத்த, மலைபோன்ற வெள்ளை நாய் நினைவிருக்கும். நிலாவாசிகள் அனுப்பிய ஆயுதம் அது. பள்ளியையே புரட்டிப்போடும் அது, கொங்கோவைப் பார்த்ததும் வளர்த்தவரைக் கண்டதுபோல் அடங்கிவிடுகிறது, பிறகு அமைதியாகக் கரைந்து மறைந்துபோகிறது. ஃபாஸ் அதைப் பார்க்கிறார்: ஆசிரியருக்கு எதிரியின் மிருகம் எப்படிப் பழக்கம்? கதையின் மீதி எல்லாம் இந்த ஒரு சந்தேகத்திலிருந்து கிளைக்கிறது. ஷிரோவுக்குக் கிடைத்த முடிவு ஒன்றைத்தான் நிலாவில் உள்ள அத்தனை பேரும் எண்ணற்ற ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் நமக்குத் தெரியாது.

கொங்கோ என்ற பெயரையும் கவனிக்க வேண்டும். வஜ்ரம் என்ற சமஸ்கிருதச் சொல்லுக்குச் சீனர்கள் வைத்த மொழிபெயர்ப்பின் ஜப்பானிய ஒலிப்பு அது. நம் ‘வைரம்’ என்ற சொல்லும் அதே வஜ்ரத்திலிருந்து வந்ததுதான். எதனாலும் உடையாதது என்று பெயர் வைக்கப்பட்ட ஒருவர், உள்ளுக்குள் ஏற்கெனவே உடைந்துபோனவராக இருக்கிறார்.

ஆகவே இந்த மறுவுலகத்தில் தீர்ப்பு இல்லை. ஜப்பானிய மரபிலேயே பத்து அரசர்கள் விசாரிக்கும் நீதிமன்றமும், என்மா என்று அவர்கள் அழைக்கும் யமனும், சன்சு என்ற கடக்க வேண்டிய ஆறும் விரிவாக உண்டு. பல மாங்காக்கள் அவற்றை எடுத்துக்கொண்டிருக்கின்றன. இச்சிகாவா அந்த விசாரணையைக் கதைக்குள் கொண்டுவரவில்லை. நிலாவில் யாரும் தண்டிக்கப்படுவதில்லை. அங்கே மாடமாளிகைகள் உண்டு, நல்ல உணவு உண்டு, அழகான உடை உண்டு. முடிவுதான் இல்லை. அவர்களுடைய களிப்பு எல்லாவற்றிலும் காத்திருப்பறையின் சலிப்பு இருக்கிறது. நரகத்தைத் தீயும் கொதிக்கும் எண்ணெயுமாக வரைவதைவிட இது எவ்வளவோ கடினம். ஒரு சித்திரக்கதையில் சலிப்பை வரைந்து வாசகருக்குச் சலிக்காமல் வைத்திருக்க வேண்டும். நடுவில் எட்டாம் தொகுதியை ஒட்டிச் சில அத்தியாயங்களில் அவர் அதில் முழுதாக வெல்லவில்லை என்பது என் எண்ணம். நிலாவில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

இனி, மனத்தைப் பற்றிய பகுதிக்கு வருகிறேன். இந்த மணிகளின் ஞாபகம் உடலெங்கும் பரவியிருக்கிறது. கல்லுக்குள் வாழும் நுண்ணுயிர்கள்தான் அவர்களை அசையவைக்கின்றன, நினைக்கவைக்கின்றன. ஒரு துண்டு தொலைந்தால் அந்தத் துண்டில் இருந்த ஞாபகமும் தொலைந்துவிடும். மனத்தைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் தன்னுரையாலும் கனவுக்காட்சிகளாலும் நடக்கும். இங்கே அந்த வேலையை உடல் செய்கிறது. ஒருவருடைய ஆளுமை எப்படிச் சிதைகிறது என்பதை அவருடைய கையையும் காலையும் பார்த்தே எண்ணிவிடலாம்.

ஃபாஸ் முதலில் கால்களை இழக்கிறார். கடலில் வாழும் வேறோர் இனமான கடல்வாசிகளின் வழியே கிடைத்த அகேட் கல்லில் புதுக்கால்கள் வருகின்றன. எல்லோரையும்விட வேகமாக ஓடமுடிகிறது, ஆனால் சில பெயர்கள் மறந்துபோகின்றன. அடுத்துப் பனிக்காலம். மற்றவர்கள் எல்லோரும் உறங்க, விழித்திருந்து கரையைக் காப்பது அண்டார்க்டிசைட் ஒருவர்தான். அண்டார்க்டிகாவின் டான் ஹுவான் குட்டையில் 1960களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட கனிமத்தின் பெயர் அது. அறை வெப்பத்தில் உருகிவிடும் என்பதால் கதையிலும் அவர் குளிரில் மட்டும் உருக்கொள்கிறார். அவரோடு வேலை செய்யும்போது பனிப்பாளங்களிடையே ஃபாஸின் கைகள் போகின்றன. பதிலாகத் தங்கமும் பிளாட்டினமும் கலந்த உலோகம். அது கட்டுக்கடங்காமல் உருகிப் பெருகி அவரையே கூண்டுபோல் அடைத்துவிட, அந்த நேரத்தில் வந்த நிலாவாசிகள் அண்டார்க்டிசைட்டை உடைத்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஃபாஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார். மணிகளுக்குக் கண்ணீர் கிடையாது. ஆனால் இப்போது உள்ளே தங்கம் இருக்கிறதே, அது கண்ணிலிருந்து வழிகிறது. எனக்கு இந்த மாங்காவில் மறக்கமுடியாத கட்டம் அதுதான். அழத் தெரியாத ஓர் உயிர், தன்னுடையதல்லாத ஒரு பொருளைக் கொண்டு அழக் கற்றுக்கொள்கிறது.

அதன்பிறகு தலையே போகிறது. நூற்றிரண்டு ஆண்டு உறக்கத்துக்குப் பின் லாபிஸ் லாசுலி என்ற மற்றொரு மணியின் தலையோடு எழுகிறார், கூடவே அந்தத் தலைக்குரிய கூர்மையும் சூழ்ச்சியும் வருகின்றன. நிலாவில் ஒரு கண்ணுக்குப் பதிலாகச் செயற்கை முத்து. தங்கம், அகேட், முத்து, லாபிஸ் என்று அடுக்கிப் பார்த்தால், தூய நிலத்தை வருணிக்கும் சூத்திரங்களில் வரும் ஏழு மணிகளின் பட்டியல் நினைவுக்கு வரும். அங்கே குளங்களும் படிக்கட்டுகளும் பொன், வெள்ளி, வைடூரியம், பளிங்கு போன்றவற்றால் ஆனவை. நாம் இன்று வேறொரு கல்லுக்கு வழங்கும் ‘வைடூரியம்’ என்ற பெயர்தான் கிழக்காசிய பௌத்தத்தில் ‘ரூரி’ ஆகி, லாபிஸ் லாசுலிக்கு வழங்கியது. அதாவது ஃபாஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தூய நிலம் எதனால் கட்டப்பட்டதோ அதனாலேயே ஆனவராக மாறுகிறார். அந்த நிலத்தில் குடியேறும் பாக்கியம் மட்டும் அவருக்கு இல்லை. இச்சிகாவா பௌத்தப் பள்ளியில் படித்தவர். மணிகளால் அலங்கரிக்கப்பட்ட சொர்க்க வருணனையிலிருந்து இந்தக் கதை முளைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

முதல் தொகுதியில் ஃபாஸ் ஒரு வாக்குறுதி கொடுக்கிறார். உடலிலிருந்து பாதரசம் கசிவதால் யாரோடும் சேர முடியாமல் இரவுக்காவலில் தனித்துத் திரியும் ஷின்ஷாவுக்கு, அவர் மட்டுமே செய்யக்கூடிய, இதைவிட இன்பமான வேலை ஒன்றைக் கண்டுபிடித்துத் தருவதாக. ஷின்ஷா என்றால் நம் சித்த மருத்துவத்தில் சொல்லும் சாதிலிங்கம். பாதரசம் ஏன் என்று அந்தப் பெயர் தெரிந்தவருக்கு விளங்கும். இந்த வாக்குறுதிக்கு என்ன ஆகிறது என்று மட்டும் தொகுதி தொகுதியாகப் பின்தொடர்ந்தாலே போதும். ஃபாஸ் அதை ஒரேயடியாக மறப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை நினைவுக்கு வரும்போதும் சொன்னவர் வேறொருவர் ஆகியிருக்கிறார். கடைசியில் ஷின்ஷாவுக்கு மற்ற மணிகளின் நடுவே ஓர் இடம் தானாகவே அமைந்துவிடுகிறது, ஃபாஸ் அந்த வட்டத்துக்கு வெளியே எதிரியாக நிற்கிறார். உடைக்கப்பட்டு 220 ஆண்டுகள் கிடந்த பிறகு அவர் மறுபடி எழும்போது பழைய பச்சைநிறம் உடலில் மிகக் கொஞ்சம்தான் மிச்சம்.

எக்மியாவின் கணக்கும் அதுதான். கடல்வாசிகளின் அரசர் வென்ட்ரிகோசஸ் தொடக்கத்திலேயே ஒரு பழங்கதை சொல்கிறார்: மனிதன் என்ற விலங்கு அழியும்போது தசை, எலும்பு, ஆவி என்று மூன்றாகப் பிரிந்தது, கடல்வாசிகள் தசை, மணிகள் எலும்பு, நிலாவாசிகள் ஆவி. இந்த மூன்றும் ஒரே உடலில் சேர்ந்தால் மறுபடி ஒரு மனிதன் உண்டாவான், அந்த மனிதனால் பிரார்த்திக்க முடியும். ஃபாஸின் ஒவ்வோர் இழப்பும் அந்தத் திசையில் அவரைத் தள்ளியிருக்கிறது. எக்மியா தள்ளியும் இருக்கிறார். இவரை வில்லன் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நெடும்பட்டியலில் உள்ள எல்லோருக்கும் விடுதலை வாங்கித் தரவேண்டிய அதிகாரி அவர். அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவரைச் செலவு எழுதிவிடுகிறார். அவர் பேச்சில் கனிவு இருப்பதுதான் பயமூட்டுகிறது.

முடிவில் நடப்பது இது. மணிகள் எல்லோரும் நிலாவுக்குப் போய் நிலாவாசிகளாக மாற்றப்படுகிறார்கள். ஃபாஸ் ஒருவர் மட்டும் கரையில் பத்தாயிரம் ஆண்டுகள் தனியே இருந்து, பிரார்த்திக்கத் தகுதியான ஒன்றாக ஆகவேண்டும். அந்தப் பத்தாயிரம் ஆண்டுகளும் மேலே விருந்தும் அலங்காரமுமாகக் கழிகின்றன. கீழே இருப்பவரைப் பற்றிய பேச்சு அபூர்வம். அந்தத் தனிமையை இச்சிகாவா நீட்டவே இல்லை. பக்கத்தைத் திருப்புகிறீர்கள், காலம் போய்விட்டிருக்கிறது. சிலர் இதை அவசரம் என்று குறைசொன்னார்கள். 2020 டிசம்பர் முதல் 2022 ஜூன் வரை தொடர் நின்றிருந்தபோது, ஃபாஸ் என்ன ஆனார் என்று தெரியாமல் ஒன்றரை ஆண்டு காத்திருந்த வாசகர்களில் நானும் ஒருவன். பத்தாயிரம் ஆண்டை ஒரு பக்கத் திருப்பலில் கடந்தபோது எனக்கு அது அவசரமாகப் படவில்லை, மேலே விருந்தில் இருந்தவர்களுக்கு அது எப்படிக் கழிந்திருக்குமோ அப்படியே எனக்கும் கழிந்தது என்ற கூச்சம்தான் வந்தது.

ஃபாஸ் பிரார்த்திக்கிறார். எல்லோரும் போய்விடுகிறார்கள், ஆவிகளும், ஒருகாலத்தில் மணிகளாக இருந்தவர்களும், எக்மியாவும். துன்பப்பட்டதால் ஃபாஸ் புடம்போட்ட பொன்னாகி உயர்ந்தார் என்று இதைப் படிப்பது சுலபம், பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவர் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்கக்கூடியவர் எங்கோ ஒரு பனிக்காலத்திலேயே பாதி தொலைந்துவிட்டார். மற்றவர்களின் விடுதலை உண்மையானது, அதற்கு ஒருவரிடமிருந்து பிடுங்கியதும் உண்மையானது. இரண்டையும் ஒன்றாலொன்று கழித்துக் கணக்கை நேர்செய்ய இந்த மாங்கா மறுக்கிறது. தொடர் 108 ஆவது அத்தியாயத்தில் நிற்பதும் தற்செயலாக இருக்க முடியாது. பௌத்தம் எண்ணும் மனமாசுகள் நூற்றெட்டு. ஆண்டின் கடைசி இரவில் ஜப்பானியக் கோயில் மணி நூற்றெட்டு முறை அடிக்கப்படுகிறது.

ஃபாஸின் பிரார்த்தனைக்குப் பிறகும் சில அத்தியாயங்கள் உண்டு. பிரார்த்திக்க யாரும் மிச்சமில்லாத உலகத்தில், மனிதரின் சாயலே இல்லாத சின்னஞ்சிறு கல்லுயிர்கள் ஃபாஸைச் சூழ்ந்துகொள்கின்றன. கூழாங்கற்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு முடிவைப் பற்றிய கவலை இல்லை, எதையும் கேட்பதும் இல்லை. அவற்றோடு ஃபாஸ் வெட்டிப்பேச்சுப் பேசுகிறார், விளையாடுகிறார்.

நீங்கள் அனிமே பார்த்துவிட்டதால் ஆறாம் தொகுதியிலிருந்து தொடங்கலாம் என்று நினைப்பீர்கள். அப்படிச் செய்யாமல் முதல் தொகுதியிலிருந்தே தொடங்குங்கள். மணிகளைப் பற்றிய இந்தக் கதை உள்ளே கறுப்பு வெள்ளையில்தான் இருக்கிறது, நிறம் அட்டைகளில் மட்டும். அனிமேயின் பளபளப்புக்குப் பழகிய கண்ணுக்கு முதல் ஐம்பது பக்கம் யார் யார் என்றே பிடிபடாது. பொறுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் எந்த வேலைக்கும் லாயக்கில்லாத ஃபாஸ் புல்வெளியில் படுத்துக்கிடந்து வாயாடுகிறாரே, அந்தப் பேச்சை மட்டும் மனத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் தொகுதியில், கூழாங்கற்களிடம், அதே குரல் திரும்ப வரும்.